டம்ளரில் மீதி

என் கண்ணு நைனா,

நேற்று சாயங்காலம் நீ வாசலில் நின்று போனில் பேசியது எனக்குக் கேட்டுவிட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. "இல்ல சார், பூனாவுக்கு வர்றது கஷ்டம் சார். வூட்ல அம்மாவுக்கு முடியல" என்றாய். எனக்கு என்ன முடியவில்லை? உன் சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வந்ததும் கேட்டேன். "திங்கக்கெயம வரைக்கும் டைம் குடுத்துகிறாங்க, பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாய். பேச்சில் உன்னை மடக்க என்னால் ஆகாது. உன் அப்பாவின் பிள்ளை நீ, இரண்டு பேருமே பதில் சொல்லாமல் ஜெயிக்கிறவர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாதல்லவா.

ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து போய் வந்த பிள்ளையை, அதே கம்பெனி பூனாவில் புது லைனைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம் வா என்று கூப்பிடுகிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீ ஆசைப்பட்ட இடம் அது. பவித்ரா அங்கே வீடு வாடகை எவ்வளவு என்று போனில் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். புதுப்பெண் ஆசையைக் கவிழ்த்து வைக்கிற வீடாக இது ஆகிவிட்டதே. என் இதயத்தைக் காரணம் காட்டி நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். அந்த இதயத்துக்காகப் பேச வேண்டியவள் நான்தான். பேசுவதற்கு முன்னால் உனக்கு நன்றி சொல்ல வேண்டும், அதை நேரில் சொன்னால் நீ எழுந்து போய்விடுவாய். இங்கே உட்கார வைத்துச் சொல்கிறேன்.

போன வருஷம் இதே ஐப்பசியில் நடவு நடந்தபோது நான் வரப்பில் நிற்கவே திணறிக்கொண்டிருந்தேன். உங்கள் யாருக்கும் தெரியாது. கழனியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் சிவன் கோயில் மதிலோரம் நின்று புடவை மடிப்பைச் சரிசெய்வேன். அந்தப் புடவை மடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது, மூச்சுதான் கலைந்திருந்தது. படுத்தால் இருமல் வந்தது என்று தலையணை மேல் தலையணை போட்டேன். "இன்னா, மகாராணி கணக்கா ஒக்காந்துக்கினே தூங்குற?" என்று உன் அப்பா கிண்டல் பண்ணினார். முட்டி வலிக்கு உத்திரமேரூர் மெடிக்கலில் கேட்டு வாங்கின மாத்திரையை வேறு பாக்கு மாதிரி போட்டுக்கொண்டிருந்தேன். அது உடம்பில் நீரையும் உப்பையும் பிடித்து வைக்கும், பலவீனமான இதயத்துக்கு ஆகவே ஆகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. யாரைக் கேட்டாலும் "வயசாவுது இல்ல" என்றார்கள். நானும் வயசுதான் என்று நம்பினேன். நைனா, இதை நீ நினைவில் வைத்துக்கொள். வயசு என்பது வியாதியின் பெயர் இல்லை. உனக்கோ, நாளைக்குப் பவித்ராவின் அம்மா அப்பாவுக்கோ, நேற்று நடந்த தூரத்தை இன்றைக்கு நடக்க முடியவில்லை என்றால் வயசின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே.

நீதான் முதலில் கண்டுபிடித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் காலில் அப்படியே இருந்தது. நீ குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாய். பிசைந்த மாவில் அழுத்தினது போலக் குழி விழுந்து, மேலே எழும்பாமல் கிடந்தது. "இன்னாம்மா இது?" என்றாய். "ரொம்ப நேரம் நின்னேன் இல்ல, வீங்கிகீது" என்றேன். மறுநாள் நீ வேலைக்குப் போகவில்லை. என்னைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாய். உன் அந்தக் கட்டைவிரலுக்கு முதல் நன்றி.

அந்த டாக்டரம்மா எக்கோ பார்த்துவிட்டு நமக்குப் புரிகிற மாதிரி சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும், எனக்கு அந்தச் சுருங்குகிற பலம் குறைந்துபோய்விட்டது, தள்ளப்படாதது பின்னால் தேங்கி நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்கிறது என்றார். உன் அப்பா சும்மா இருப்பாரா? "ஏரி மதகு அடைச்சிக்கினா தண்ணி மேல ஏறிக்கும், அந்த மாதிரிங்களா?" என்று கேட்டார். "மதகு நல்லாத்தான் இருக்குங்க. மோட்டார்தான் வீக்கு" என்றார் டாக்டரம்மா. மோட்டார் என்றதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, முகம் சின்னதாகிப்போயிற்று. கழனியில் காயில் எரிந்துபோய்த் திரும்பக் கட்டின எத்தனை மோட்டாரைப் பார்த்தவர் அவர். "குணமாயிடுமா?" என்று நீ கேட்டாய். "முழுசா குணம்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். மாத்திரையை விடாம போட்டு, உப்பையும் தண்ணியையும் அளவோட வெச்சுக்கிட்டா இதோட நல்லபடியா வாழலாம். சிலருக்கு பம்பிங் கொஞ்சம் ஏறியும் வரும்" என்றார். பொய்யும் சொல்லாமல் பயமும் காட்டாமல் பேசுகிறவர்கள் குறைவு. அவருக்கும் நன்றி.

அப்புறம் நம் வீட்டில் நடந்த கூத்துதான் உனக்குத் தெரியுமே. ஊறுகாய் ஜாடி பரண் மேல் ஏறியது. அப்பளமும் கருவாடும் ஊரை விட்டே போயின. உன் அப்பா கடையிலிருந்து "உப்புக்குப் பதிலு உப்பு" என்று ஒரு பாக்கெட்டைப் பெருமையாக வாங்கி வந்தார். டாக்டரம்மாவைக் கேட்டால், நான் போடுகிற மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் வேறொரு உப்பு ஏறிவிடும், இளநீரும் அதனால்தான் எனக்கு வேண்டாம் என்றார். மனுஷர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய்க் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். ஒரு மாத்திரையைக் கொஞ்சமாக ஆரம்பித்து, ரத்தத்தைப் பரிசோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எழுந்தால் தலை சுற்றியது. "நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. சொன்னேன், அளவை மாற்றினார். பொங்கல் வந்தபோது நான் மதிலோரம் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்குப் பெண் பார்த்தோம், பழையசீவரத்துப் பவித்ரா கிடைத்தாள்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும்.

பெண் நிச்சயமானதும் நான் என் வியாதியை ஒளித்துவிட்டேன். மாமியார் நோயாளி என்றால் பெண் வீட்டார் யோசிப்பார்களே என்ற பயம். உறவுக்காரர்களிடமும் மூச்சு விடவில்லை. ஆனியில் கல்யாணம் என்றால் சித்திரையிலேயே பத்திரிகை வைத்து முடித்துவிட வேண்டும், நானும் உன் அப்பாவும் ஜோடியாகப் போக வேண்டும். மஞ்சள் தடவின பத்திரிகையைத் தாம்பூலத் தட்டில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து நீட்டினால்தான் அது அழைப்பு. அம்மாக்காரி வரவில்லை என்றால் "ஏன், எங்க வூட்டுக்கு வர்றதுக்கு அவங்களுக்குக் கால் நோவுதா?" என்பார்கள். எனக்கு நிஜமாகவே கால் நோகும் என்பதை யாருக்கும் சொல்ல முடியாத நிலையில் நான் இருந்தேன்.

காரில் கிளம்பின அன்றைக்குக் காலையில், உடம்பில் கோத்த நீரை வெளியேற்றுகிற அந்த நீர் மாத்திரையை நான் போடவில்லை. மறந்துபோகவில்லை, வேண்டுமென்றே போடவில்லை. அந்த மாத்திரையைப் போட்டால் மூன்று நாலு தடவை ஒதுங்க வேண்டியிருக்கும். உன் அப்பாவும் டிரைவரும் வண்டியை நிறுத்தி எந்த வேப்பமரத்தடிக்கும் போவார்கள். நான் எங்கே போவேன்? பத்திரிகை வைக்கப்போன வீட்டில் உள்ளே நுழைந்ததும் "பாத்ரூம் எங்க?" என்று கேட்பதா? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு? அதனால் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். எத்தனை பொம்பளைகள் இந்த ஒரு காரணத்துக்காக மாத்திரையை விடுகிறார்கள் என்று யாராவது கேட்டால் தெரியும். யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

ஒரு பக்கம் நீர் வெளியே போகவில்லை. இன்னொரு பக்கம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. சித்திரை வெயில், வருகிறவர்களுக்கு முதலில் சொம்பில் தண்ணீர். அது முடிந்தால் மோர். பிறகு பையன் ஓடிப்போய் வாங்கி வந்த கலர் சோடா. கல்யாணச் சேதி என்றால் சும்மா அனுப்பக்கூடாது என்று காப்பி. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நம் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். மானாம்பதியில் உன் அத்தை வீட்டில், "வயிறு ஃபுல்லா கீது அண்ணி, அப்பால குடிக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். உன் அத்தையின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. "ஆமாம்மா, எங்க வூட்டுத் தண்ணி ஒனக்கு எறங்குமா? தம்பி பொண்டாட்டி பெரிய ஆளாயிட்டா" என்றார். குடித்தேன். அதற்கு மேல் பாயசமும் குடித்தேன். தாகத்துக்குக் குடித்தது ஒரு வாய்கூட இல்லை, எல்லாம் மரியாதைக்குக் குடித்தது.

கடைசியாக நம் ஊருக்குத் திரும்பி அஞ்சலை வீட்டுக்குப் போனோம். நம் கழனியில் நடவு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிற அஞ்சலை. என்னைவிட மூத்தவள், இருந்தும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள், எத்தனை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குள் எனக்கு நெஞ்சு கனத்துப்போயிருந்தது. புடவைக் கரை காலில் இறுகிக்கொண்டிருந்தது. அவள் பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மற்ற வீடுகளில் வேண்டாம் என்றால் கோபம் வரும், அவ்வளவுதான். ஊர்த்தெருவுக்கு வெளியே தள்ளி இருக்கிற அவர்கள் காலனியில், நம் வீட்டு மனுஷி வேண்டாம் என்றால் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. என் மாமியார் காலத்தில் யாரும் அங்கே ஒரு வாய் குடித்ததில்லை. நான் குடிப்பேன். தண்ணீர் குடிப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற லட்சணத்தில்தான் நாம் இருக்கிறோம், போகட்டும். இத்தனை வருஷம் குடித்துவிட்டு, பிள்ளை கல்யாணத்துக்கு அழைக்க வந்த அன்றைக்கு வேண்டாம் என்றால் அவள் என்ன நினைப்பாள்? அந்த டம்ளரையும் முழுசாகக் குடித்தேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. பேச்சு வாயிலிருந்து துண்டு துண்டாக வந்தது. நீ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நுழைந்தபோது நான் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முக்கியெடுத்தவள் மாதிரி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே என்னைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தாய். காஞ்சிபுரம் வரைக்கும் என் முதுகைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தாய். சாகப்போகிறோம் என்றுகூட நினைக்கவில்லை. இந்தப் பிள்ளை மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்க்காமல் போகப்போகிறேனே என்றுதான் நினைத்தேன்.

ஊசி போட்டு, நீர் இறங்கி, மூச்சு திரும்பி வந்த பிறகு டாக்டரம்மா கேட்டார், "நீர் மாத்திரையை ஏன் விட்டீங்க?" நான் உன்னையும் உன் அப்பாவையும் பார்த்துக்கொண்டே, "வழியில எங்க போவுறது டாக்டர்?" என்றேன். டாக்டரம்மா திட்டவில்லை. "வெளியூர் போற அன்னைக்கு நிறுத்தக்கூடாது. எந்த நேரத்துல போடலாம்னு என்னைக் கேட்டா நான் மாத்திச் சொல்லுவேன் இல்ல?" என்றார். இவ்வளவு சுலபமான பதிலுக்காக நான் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். இனி பவித்ராவை எங்கே கூட்டிப்போனாலும் கோயிலாகட்டும் கல்யாணமாகட்டும், போனதும் முதலில் பாத்ரூம் எங்கே என்று நீ விசாரித்து வை. அவள் கேட்பாள் என்று காத்திருக்காதே. ஒரு புருஷன் பொண்டாட்டிக்குச் செய்கிற மரியாதைகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

மறைத்தது எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டது. பவித்ரா அவள் அம்மாவோடு ஆப்பிளும் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். சம்பந்தியம்மா முகம் சரியாக இல்லை, நான் அதை எதிர்பார்த்ததுதான். கல்யாணம் நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உப்பு முதல் தண்ணீர் வரை. பவித்ரா ரொம்ப யோசித்துவிட்டு, "அத்தே, எனக்கு ஊறுகா இல்லாம சோறு எறங்காது. நான் தனியா வெச்சி துன்னுக்கறேன், பரவால்லியா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்துவிட்டது. தியாகம் பண்ணுகிறேன் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். ஊறுகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிற பெண்ணோடு ஒரு கூரையின் கீழ் நிம்மதியாக இருக்கலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? இன்னும் பாதி வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. "வாட்சப்ல அனுப்பு, போன்ல சொல்லு, போதும். நீ எங்கயும் போவாத" என்றாய். "பாதிப் பேருக்கு நேர்ல, மீதிப் பேருக்கு வாட்சப்பா? அந்தக் கல்யாணத்துக்கு நான் வர்ல" என்றேன். சில நாள் பேசாமல் கிடந்தோம், உன் அப்பாதான் நம் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர். அப்புறம் டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு, நாளுக்குச் சில வீடுகள் மட்டும் என்று நீ ஒத்துக்கொண்டாய். "நானும் கூட வரேன்" என்றாய். மாப்பிள்ளை தன் பத்திரிகையைத் தானே வைக்கப்போவதா என்று உன் அப்பா முணுமுணுத்தார்.

முதல் வீட்டில் சொம்பு வந்தது. நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு திகைத்து நின்றேன். நீயும் நானும் அதைப் பற்றி முன்கூட்டியே எதுவும் பேசி வைக்கவில்லை. நான் ஒரு வாய் குடித்தேன். நீ கையை நீட்டி, "குடும்மா, எனக்கும் தாகமா கீது" என்று வாங்கி, மீதியை அப்படியே குடித்து முடித்தாய். அந்த வீட்டம்மா, "தோ, வேற தரேன் இரு, அது எச்சி" என்றாள். "எங்கம்மா எச்சிதானே" என்று நீ சிரித்தாய். அடுத்த வீட்டிலும் அதுதான், அதற்கடுத்த வீட்டிலும் அதுதான். மோர், கலர், பானகம், சர்க்கரை தூக்கலான காப்பி எல்லாம் என் உதட்டைத் தொட்டுவிட்டு உன் வயிற்றுக்குப் போயின. யாருக்கும் மனக்கசப்பு இல்லை. மானாம்பதி அத்தை வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவோம் என்று மறுபடியும் போனபோது, அவர் பாயசத்தை உன் கையிலேயே கொடுத்து, "நீயே துன்னுடா, ஒங்கம்மாவ நான்தான் கொல்லப் பாத்தேன்" என்று அழுதுவிட்டார். அஞ்சலை வீட்டுக்கும் ஒரு நடை போனோம், அங்கே விளக்கம் எதுவும் சொல்லாமலே டம்ளரில் மீதியை நீ குடித்துவிட்டாய். அன்றைக்கு வீடு வந்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடின ஓட்டம் இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. உன் அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்கே மூச்சு வாங்கியது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பால் டம்ளரில் பாதியை மீதி வைத்துவிட்டு ஓடிவிடுவாய். வீணாக்கக்கூடாது என்று நான் குடிப்பேன். நீ மீதி வைத்ததைக் குடித்தே நான் பருத்தேன் என்று உன் அப்பா சொல்வார். அந்தக் கணக்கை நீ இப்படித் தீர்ப்பாய் என்று நான் நினைத்ததில்லை. பிள்ளை எச்சிலைத் தாய் குடிப்பது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பது. என் எச்சிலை, அத்தனை பேர் பார்க்க, முகம் சுளிக்காமல் நீ குடித்தாய். நைனா, இதற்கு நான் என்ன சொல்வேன்? என் வயிறு குளிர்ந்துபோயிற்று. உன் முகூர்த்தத்தன்று உனக்கும் பவித்ராவுக்கும் பாலும் பழமும் கொடுக்கும்போது நான் நடுவில் நிறுத்தினதை வியாதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது வியாதி இல்லை.

அதிலிருந்து நீ என் நிழலாகவே ஆகிவிட்டாய். யார் வீட்டுக்கு நான் போனாலும் மீதியைக் குடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைக்கிறாய். பூனாவுக்கு நீ போகாததற்கு உண்மையான காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். இப்போது கேள். காலையில் எழுந்ததும் ஒதுங்கிவிட்டு வந்து, காப்பிக்கு முன்னால், நீ வாங்கிக் கொடுத்த எடை மிஷினில் நான் ஏறி நிற்கிறேன். காலண்டரில் குறித்து வைக்கிறேன். இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று ஏறினால் அது சோறு இல்லை, நீர் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் போடுவேன். போன மாதம் ஒரு தடவை ஏறியது, போட்டேன், மாத்திரையைக் கூட்டினார், இறங்கிவிட்டது. நீ கேட்டால் பதறுவாய் என்று சொல்லவில்லை. இனி சொல்கிறேன், மறைக்கிற வேலை எனக்கு வேண்டாம். என் ஒரு நாள் தண்ணீரை உன் அப்பா காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறார், காப்பியும் ரசமும் அதில்தான் கழியும். அந்த மனுஷர் இப்போது உப்பில்லாமல் வைக்கிற ரசத்தைக் குடித்துப்பார், எலுமிச்சம்பழமும் மிளகும் போட்டு ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். பரண் மேல் ஏறின ஜாடி இப்போது பவித்ராவின் அலமாரியில் இருக்கிறது, அவர் அதிலிருந்து திருடுவதும் எனக்குத் தெரியும். கடைசியாக எக்கோ பார்த்தபோது பம்பிங் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார்கள். ஏறாவிட்டாலும் பரவாயில்லை. பலம் குறைந்துபோயும் காலையில் என்னை எழுப்பிவிடுகிற இந்த இதயத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

ஆனால் இதெல்லாம் வீட்டுக்குள்ளே. வெளியே போனால்? அதைத்தான் நீ கேட்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் பவித்ராவும் பழையசீவரம் போயிருந்தீர்களே, அன்றைக்கு அஞ்சலை பேத்திக்குக் காது குத்து. நான் தனியாகப் போனேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: எனக்கு இதயம் பலவீனம், எனக்குத் தண்ணீர் அளவு, ஒரு வாய் போதும், தப்பாக நினைக்காதே. போய்ப் பந்தலில் உட்கார்ந்தேன். அஞ்சலை உள்ளே போனாள். அவள் டம்ளரோடு வெளியே வருவதற்குள் நானே முந்திக்கொண்டு, "அஞ்சல, எனக்கு அளவு கீது, ஒரு வாய்தான்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"தெரியும்மா. சொம்மா ஒக்காரு" என்றாள். அவள் கையில் இருந்தது பளபளவென்று தேய்த்த அந்தப் பெரிய டம்ளர் இல்லை. பேத்தி குழந்தையாக இருந்தபோது மருந்து கொடுத்த டம்ளராம், கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. அதை அவள் எங்கிருந்தோ தேடி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். அதில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். "அன்னிக்கி நீ முயுசா குடிச்சிட்டுப் போயி ஆஸ்பத்திரில படுத்துக்கினே. ஒம் புள்ள வந்தப்போ மீதிய அது குடிச்சிச்சி. இன்னிக்கி மீதி வெக்கிற வேலையே இல்ல. இது ஒன் டம்ளரு, இங்கியே இருக்கும். எப்ப வந்தாலும் இதுலதான்" என்றாள்.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நீருக்கு மாத்திரை இல்லை. யாருக்கும் எந்தக் குறையும் வைக்காமல், வயிறு நிறையக் குடித்த மனசோடு, அந்த டம்ளரை நான் முழுசாகக் குடித்தேன்.

மீதி இல்லை, நைனா. திங்கட்கிழமை போன் பண்ணி வருகிறேன் என்று சொல். சட்டையெல்லாம் மடித்து வைத்துவிட்டேன்.

உன் அம்மா